பழைய கணினியில் டெபியன் 12: ஒவ்வொரு காலையும் திகதி பின்போகிறது, சில தளங்கள் திறக்க மறுக்கின்றன

கேள்வி: கோண்டாவில் வாசகன்

வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் இருந்த பழைய மேசைக்கணினி ஒன்றில் வின்டோஸ் 7-ஐ நீக்கிவிட்டு, எக்ஸ்எஃப்சிஈ மேசைத்தளத்துடன் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கிறோம். கோர் 2 டுவோ செயலியும் 2 ஜிபி நினைவகமும் கொண்ட கணினி அது. வின்டோஸ் 7-க்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2020 சனவரி 14 உடன் நின்றுவிட்டமையாலும், உயர்தரப் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களை இறக்கிப் பார்ப்பதற்கு ஒரு கணினி தேவைப்பட்டமையாலும் இந்த முடிவை எடுத்தோம். நிறுவியபோது நிலையத்தில் இணைய இணைப்பு இருக்கவில்லை. றூற்றர் பின்னரே பொருத்தப்பட்டது.

காலையில் கணினியை இயக்கினால், பயர்பொக்ஸில் சில தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கையுடன் திறக்க மறுக்கின்றன. வேறு சில தளங்கள் எந்தத் தடையுமின்றித் திறக்கின்றன. இற்றைப்படுத்த முனைந்தால், டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. திரையின் மூலையிலுள்ள கடிகாரத்தில் பல மாதங்களுக்கு முந்திய திகதி இருக்கும். பொறுப்பாக இருக்கும் பிள்ளை, அமைப்புகளுக்குள் சென்று தானியங்கி நேரத்தை நிறுத்திவிட்டு, திகதியைக் கையால் திருத்தியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. பகலில் நிறுத்தி மீண்டும் இயக்கினாலும் நேரம் மாறுவதில்லை. மறுநாள் காலையில் பழையபடி அதே நிலைமை.

தாய்ப்பலகையிலுள்ள பற்றரி முடிந்துவிட்டது என்று ஒருவர் கூறினார். ஆனால் இயங்குதளம் தொடங்குமுன் வரும் பயோஸ் அமைப்புத் திரையில் 2009 சனவரி 1 என்று இருக்கும்போது டெபியன் வேறொரு திகதியைக் காட்டுகிறது. அதுவும் எல்லாக் காலைகளிலும் ஒரே திகதி. பற்றரிதான் காரணம் என்றால் இரண்டும் ஒன்றாக அல்லவா இருக்கவேண்டும்? வின்டோஸ் 7-ஐயே திரும்பப் போடுவோம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். குறை இயங்குதளத்தில் இல்லையென்றால், அதை அவர்களுக்குக் காரணத்தோடு விளக்க விரும்புகிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டக் குறிப்புகளும் அங்கத்தவர் பட்டியலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. லிப்ரே ஒஃபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகவே தெரிகின்றன. கோப்புகள் பழுதாகிவிட்டனவா?

மறுமொழி: வடலி

உங்கள் ஐயம் நியாயமானது. ஆனாலும் காரணம் பற்றரிதான். டெபியனை ஆரம்பித்துவைக்கும் சிஸ்டம்டி, தான் கட்டமைக்கப்பட்ட நாளுக்கு முந்திய நேரத்தை ஏற்றுக்கொள்வதில்லை. தாய்ப்பலகையிலுள்ள வன்பொருள் கடிகாரம் 2009 என்று சொன்னால், அப்படி இருக்கவே முடியாது எனக் கொண்டு, நேரத்தைத் தன் கட்டமைப்பு நாளுக்கு முன்னகர்த்திவிட்டே மேற்கொண்டு செல்லும். அந்த நாள் மாறாதது என்பதால்தான் ஒவ்வொரு காலையும் ஒரே திகதியைப் பார்க்கிறீர்கள். கணினி ஆரம்பிக்கும்போதான பதிவுகளில் இதைச் சொல்லும் வரியும் இருக்கும். குழுவினருக்கு அதையே காட்டலாம்.

இரவில் சுவர் சுவிட்சை நிறுத்திவிடுகிறீர்கள் அல்லது பிளக்கைக் கழற்றிவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு யாழ்ப்பாணத்தில் அப்படிச் செய்யாத வீடு குறைவு. அந்தப் பழக்கத்தை விடவும் வேண்டாம். கணினியை நிறுத்திய பின்னரும், பிளக்கில் மின் இருக்கும்வரை, மின்வழங்கி தாய்ப்பலகைக்கு 5 வோல்ற் காத்திருப்பு மின்னைக் கொடுத்துக்கொண்டிருப்பதால், பகலில் எத்தனை தடவை நிறுத்தி இயக்கினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். சுவரிலேயே மின் நின்றுவிட்டால், அதை ஓட்டுவதற்குப் பற்றரியைத் தவிர வேறெதுவும் இல்லை.

சில தளங்கள் மட்டும் மறுப்பதும் இதனால்தான். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் தன்னை உறுதிப்படுத்தக் காட்டும் சான்றிதழுக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. பல தளங்கள் பயன்படுத்தும், லெற்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பின் இலவசச் சான்றிதழ்கள் 90 நாள் மட்டுமே செல்லுபடியாகும் வகையில் வழங்கப்பட்டு வந்தவை; ஆகவே பல மாதங்கள் பின்தங்கிய கடிகாரத்துக்கு அவை இன்னும் பிறக்காத சான்றிதழ்கள். நீண்டகாலச் சான்றிதழை முன்னரே பெற்ற தளமும், சான்றிதழே இல்லாத தளமும் திறந்துவிடும். களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பும் அவ்வாறே எதிர்காலத் திகதி கொண்டதாகத் தெரிவதால் நிராகரிக்கப்படுகிறது. இரண்டும் உங்களைப் பாதுகாப்பதற்காக நடப்பவை. பயர்பொக்ஸ் எச்சரிக்கும்போது விதிவிலக்குக் கொடுத்து உள்ளே செல்லும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஏற்படுத்திவிடாதீர்கள்.

இணையம் இருந்தும் நேரம் தானாகத் திருந்தாததற்குக் காரணம், கையால் திருத்துவதற்காகத் தானியங்கி ஒத்திசைவு நிறுத்தப்பட்டிருப்பதுதான். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் டைம், டேட், சிரிஎல் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுதினால், இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும் என்ரிபி சேவை செயற்படவில்லை என்று காட்டும். அதே கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு செற்-என்ரிபி ட்ரூ என்று கொடுத்தால் மீண்டும் இயங்கத் தொடங்கும். ஒத்திசைவு நிகழ்ந்த பின்னர், இயங்குதளத்தின் கருவானது ஏறத்தாழ 11 நிமிடத்துக்கு ஒருமுறை வன்பொருள் கடிகாரத்திலும் நேரத்தை எழுதிவைக்கும். இதைச் செய்தாலே, இணையம் உள்ள நாளில் காலைச் சிக்கல் ஒரு நிமிடத்துக்குள் தீரும். இணையம் இல்லாத நாளையும் நினைத்துப் பற்றரியை மாற்றுங்கள்.

மறுமொழி: மின்வினைஞர்

வடலி சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன். பெரும்பாலான மேசைக்கணினிகளில் உள்ளது சிஆர் 2032 என்ற 3 வோல்ற் நாணயப் பற்றரி; கைக்கடிகாரம் திருத்தும் கடைகளிலும் கிடைக்கும். முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, மின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, மிஞ்சியுள்ள மின்னை வெளியேற்றுங்கள். பற்றரியை நெம்பாமல், பக்கத்திலுள்ள உலோகக் கொளுக்கியை விரலால் தள்ளினால் தானாகவே மேலெழும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைக்கவேண்டும்.

அதன் பிறகு, பயோஸ் திரையில் நேரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கி இருப்பதைக் காண்பீர்கள். தனித்து நிறுவப்பட்ட டெபியன் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைத்து, அதிலிருந்து இலங்கை நேரத்தைத் தானே கணிப்பதால் அது அப்படித்தான் இருக்கவேண்டும். யாராவது அங்கே சென்று அதை உள்ளூர் நேரத்துக்குத் திருத்திவிட்டால், மேசைத்திரையில் ஐந்தரை மணி முன்னே ஓடும் புதிய குழப்பம் ஒன்று தொடங்கும்.

மறுமொழி: தட்டச்சாளர்

தம்பி, கோப்புகள் பழுதாகவில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்யப்பட்ட எழுத்துரு. அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால், தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே தெரியும். உங்களிடமுள்ள எழுத்துருக் கோப்பைப் பயனர் முகப்பு அடைவுக்குள், ஒரு புள்ளியும் அதையடுத்து ஃபொன்ற்ஸ் என்ற சொல்லும் கொண்ட பெயரில் ஓர் அடைவு உருவாக்கி அதற்குள் இட்டு, லிப்ரே ஒஃபீஸை மூடித் திறந்தால் வாசிக்கலாம்.

ஆனால் வாசிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குறிப்புகளில் ஓர் ஊரின் வரலாறு இருக்கிறது. எழுத்துரு தொலைந்தால் அதுவும் வாசிக்க முடியாமற் போகும். எந்த எழுத்துருவிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் செயலிகள் உள்ளன. கெ, கொ போன்றவற்றில் பாமினி கொம்பை முதலில் வைக்க, ஒருங்குறி மெய்க்குப் பின்னரே உயிர்க்குறியை வைப்பதால், இடம் மாற்றித் தரும் செயலியையே பயன்படுத்துங்கள். முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றினால் உண்மையான ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் அர்த்தமற்ற தமிழாகிவிடும். லிப்ரே ஒஃபீஸ் எழுத்தாவணத்தின் தேடி மாற்றும் பெட்டியில் எழுத்துருவை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. பாமினிப் பகுதிகளை மட்டும் அதனால் தெரிவுசெய்யலாம். மூலக் கோப்புகளை அழிக்கவேண்டாம்.

புதிதாகத் தட்டச்சு செய்வதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியுடன், பல மொழி விசைப்பலகைகளைக் கொண்ட எம்17என் பொதியை நிறுவினால், நம் நாட்டுத் தட்டச்சாளர்கள் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகை அதிலேயே கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்: கோண்டாவில் வாசகன்

மூவருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன வரி ஆரம்பப் பதிவுகளில் அப்படியே இருந்தது. அதைக் குழுவினருக்குத் திரையிலேயே காட்டினேன். தானியங்கி ஒத்திசைவை இயக்கிப் பற்றரியையும் மாற்றிய பின்னர், இரவு முழுவதும் பிளக் கழற்றப்பட்டிருந்தும் காலையில் திகதி சரியாக இருந்தது. நின்றுபோயிருந்த இற்றைப்படுத்தலும் முழுமையாக நடந்தேறியது. பயோஸ் நேரத்தில் கைவைக்க வேண்டாம் என்று எழுதிக் கணினியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.

பாமினியில் ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. அங்கத்தவர் பட்டியல் விரிதாளாக இருப்பதால், ஒரே கலத்துக்குள் தமிழ்ப் பெயரும் ஆங்கில முதலெழுத்துகளும் கலந்து கிடக்கின்றன. விரிதாளின் தேடும் பெட்டியில் எழுத்துருவை வைத்துத் தேடும் வசதி தென்படவில்லை. இதைப் பிரிப்பதற்கு வழி உண்டா, ஐயா?

மறுமொழி: தட்டச்சாளர்

விரிதாளில் உள்ளதைப் பிரதிசெய்து, எழுத்துரு வடிவமைப்பு மாறாமல் எழுத்தாவணம் ஒன்றில் அட்டவணையாக ஒட்டுங்கள். அங்கே தேடும்போது கலத்துக்குள் இருக்கும் பாமினி எழுத்துகள் மட்டும் தனியாகத் தெரிவாகும். மாற்றி முடித்த பின் அட்டவணையை மீண்டும் விரிதாளுக்குக் கொண்டுசெல்லலாம். ஆங்கில முதலெழுத்துகளுக்கும் தவறுதலாகப் பாமினியே இடப்பட்டிருந்தால், அந்த வரிகளைக் கையால்தான் திருத்தவேண்டும். அங்கத்தவர் பெயர்கள் என்பதால், ஊரில் எல்லோரையும் அறிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.