அப்பாவின் நெஞ்சில் 17 வருடம் இருந்த துணி

2001ல் அப்பாவுக்கு அவசரமாக பைபாஸ் செய்தார்கள். ஆள் பிழைத்து வந்ததே பெரிது என்று குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம்.

2018ல் விடாத இருமல், சளியில் ரத்தம். டிபியாக இருக்கும் என்று சளியைப் பரிசோதித்தார்கள், இல்லை. சி.டி. ஸ்கேனில் இடது நுரையீரலை ஒட்டி ஒரு கட்டி தெரிந்தது. அப்பா பீடி பிடித்தவர், அதனால் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான். அம்மா சாப்பிடுவதையே விட்டுவிட்டார். ஊசியால் எடுத்த சதையில் புற்றுநோய் இல்லை என்று வந்தும் நம்ப முடியவில்லை. சட்டையைத் திறந்தாலே பைபாஸ் தழும்பு தெரியும். ஆனால் தழும்பையும் கட்டியையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, நாங்களும்தான்.

கடைசியில் நெஞ்சைத் திறந்தபோது தடித்த உறைக்குள் சுருண்டு கிடந்தது, பைபாஸின்போது ரத்தம் ஒற்ற வைத்து எடுக்க மறந்த காஸ் துணி. பருத்தி உடம்புக்குள் மட்காதாம். உடம்பே அதைச் சுற்றி உறை கட்டிவிடும், வருடக்கணக்கில் சும்மா கிடக்கும், பக்கத்து மூச்சுக்குழாயை அரிக்கும்போதுதான் ரத்தம் வரும் என்றார் டாக்டர். வயிற்றில் விட்ட துணி என்றால் இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று ஸ்கேனில் காட்டிக்கொடுக்கும். நெஞ்சில் அந்தக் காற்றை உடம்பு உறிஞ்சிவிடுவதால் அசல் கட்டி மாதிரியே தெரியுமாம். எக்ஸ்ரேயில் தெரியும் இழை வைத்த காஸைத்தான் இப்போது ஆபரேஷனில் பயன்படுத்துகிறார்கள். அப்பாவுக்குள் இருந்தது அந்த இழை இல்லாத வெறும் துணி.

நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர் வீட்டில் இருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் ஸ்கேன் பார்க்கும் டாக்டரிடம் அதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தூக்கிப் போடாதீர்கள்.

*

அக்கா, உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே இல்லை. நான் இதய ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். தொடங்கும் முன், நெஞ்சை மூடும் முன், தோல் தைக்கும்போது என்று ஒவ்வொரு முறையும் காஸ் துணிகளை இரண்டு பேர் வாய்விட்டு எண்ணுவோம். அவசர கேஸிலும் ஷிஃப்ட் மாறும்போதும் கணக்கு தப்ப வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் தோய்ந்த காஸ் சதை நிறத்துக்கே வந்துவிடும், கண்ணுக்குச் சிக்காது.

ஒருநாள் ஒன்று குறைந்தது. விடியற்காலை மூன்று மணி, எல்லோரும் களைத்திருந்தோம். குப்பை வாளியைக் கொட்டி மறுபடி எண்ணினோம், அப்போதும் ஒன்று குறைவு. "மூட வேண்டாம் சார்" என்றேன். குரல் நடுங்கியது. சர்ஜன் கையை எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே கேட்டார். இதயத்துக்குப் பின்னால் இருந்தது.