புதுப்பிப்பு: காணாமல் போன பள்ளி மடிக்கணினிகள் பெரும்பாலும் கிடைத்துவிட்டன

எங்கள் பள்ளியின் மடிக்கணினிகள் சில காணாமல் போனதையும், அவற்றில் கண்காணிப்பு மென்பொருள் எதுவும் இல்லை என்பதையும் சொல்லி, வலையமைப்பைக் கொண்டே கண்டுபிடிக்க வழியுண்டா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்றைத் தவிர மற்றவை கிடைத்துவிட்டன.

பலன் தந்தது, டிஎச்சிபி (வலையமைப்பில் இணையும் கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவை) பதிவுகளில் மேக் முகவரியை, அதாவது வலையமைப்பு அட்டைக்கு உரிய அடையாள எண்ணை, தேடச் சொன்ன யோசனைதான். இயங்குதளம் புதிதாக நிறுவப்பட்டு, கணினியின் பெயரே மாறியிருந்தபோதும், வைஃபை அட்டையின் முகவரி மாறாததால், எங்கள் பொருட்பதிவேட்டோடு ஒப்பிட்டதும் அவை அடையாளம் தெரிந்தன. பின்னர் வயர்லெஸ் கட்டுப்பாட்டுக் கருவியில் அதே முகவரியைத் தேடி, அது எந்த அணுகல் புள்ளியுடன் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) இணைந்திருக்கிறது என்று பார்த்தோம். அறையைத் துல்லியமாகக் காட்டாவிட்டாலும், எந்தப் பகுதி என்று தெரிந்ததே போதுமானதாக இருந்தது.

எதிர்பாராத சிக்கலும் ஒன்று வந்தது. ஒரு கணினிக்குப் பதிவேட்டில் இருந்தது யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டரின் (கம்பிவழி இணைப்புக்காகக் கணினியில் செருகும் சிறு கருவி) முகவரி. அந்த அடாப்டர் கைமாறியிருந்ததால், தேடல் சம்பந்தமே இல்லாத வேறொரு கணினியில் போய் நின்றது. மாணவர் ஒருவர் மீது வீண்பழி விழுந்துவிடக் கூடாது என்பதால், யாரையும் விசாரிக்கும் முன் கணினியின் வரிசை எண்ணைச் சரிபார்ப்பது மிக அவசியம்.

பின்னால் தேடி வருபவர்களுக்கு: மேக் முகவரியின் இரண்டாவது இலக்கம் (அதில் எண்களோடு ஆங்கில எழுத்துகளும் வரும்) 2, 6, A, E ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், அது பெரும்பாலும் கருவி தானே உருவாக்கிக்கொண்ட முகவரி, அதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பயனில்லை. மேலும், மேக் முகவரி ரௌட்டரைத் தாண்டிச் செல்வதில்லை என்பதால், எங்கள் வலையமைப்பில் மீண்டும் இணையாத அந்த ஒரு கணினியை இவ்வழியில் தேட முடியவில்லை. அதன் வரிசை எண்ணைக் காவல் துறையிடம் கொடுத்திருக்கிறோம்.