தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, மீன் மட்டும் தினம் ஒன்று சாகிறது. ஏன்?

மடிப்பாக்கம்வாசி:
வணக்கம். 2 அடி தொட்டி, 55 லிட்டர் பிடிக்கும், வைத்து 8 மாதம் ஆகிறது. கொளத்தூரில் வாங்கிய 8 ஜீப்ரா மீன், 5 பிளாட்டி மீன், 10 செர்ரி இறால், அப்புறம் செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த நத்தைகள். திங்கட்கிழமை காலை விளக்கைப் போட்டால் இறால் பத்தும் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. இறால் தொட்டாச்சிணுங்கி ஜாதிதானே என்று அள்ளிப் போட்டுவிட்டேன். செவ்வாய் 3 ஜீப்ரா, புதன் 2 பிளாட்டி, இன்று இன்னொரு ஜீப்ரா. உடம்பில் வெள்ளைப் புள்ளி இல்லை, பஞ்சு இல்லை, துடுப்பு அரிக்கவில்லை, முதல் நாள் ராத்திரிவரை தீனிக்கு ஓடி வந்தவைதான் செத்திருக்கின்றன. சனிக்கிழமை கால் பங்கு தண்ணீர் மாற்றினேன், லாரித் தண்ணீர், ஆன்டி குளோரின் சொட்டு போட்டுத்தான். அதே கையோடு ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயில் பிழிந்து கழுவினேன். பையன் பள்ளிக்கூடம் போகும்போது எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறான், பதில் சொல்ல முடியவில்லை.

கப்பிராஜா:
ப்ரோ, ஒரு கை கல் உப்பு, கூடவே மெத்திலீன் ப்ளூ தண்ணீர் நீலமாகும்வரை. நான் எப்பவும் இதுதான்.

பழைய தொட்டி:
தம்பி, மருந்தைக் கீழே வையுங்கள். என்ன நோய் என்றே தெரியாமல் மெத்திலீன் ப்ளூ ஊற்றினால் மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்று நைட்ரைட், நைட்ரேட் என்று மாற்றிவிடும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் இருக்கிறதே, அதுவும் அடி வாங்கும், அப்புறம் இருக்கிற பிரச்சினையோடு இன்னொன்று சேரும். எனக்குச் சந்தேகம் ஸ்பாஞ்ச் மேல்தான். குளோரின் உள்ள தண்ணீரில் கழுவினால் பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறும், தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் ஏறும். அதுவும் பிஎச் 8 பக்கம் இருந்தால், 7இல் இருப்பதைவிட அதே அளவு அம்மோனியா சுமார் 10 மடங்கு விஷம். சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு எண்களைச் சொல்லுங்கள். இன்னொன்று: சாகிறதுக்கு முன்னால் மீன் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறதா, இல்லை வேறு மாதிரி நடந்துகொள்கிறதா? செத்த மீனைவிடச் சாகப்போகும் மீன்தான் நிறையச் சொல்லும்.

மடிப்பாக்கம்வாசி:
கிட் வாங்கிவிட்டேன் அண்ணா. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20, பிஎச் 7.8. மேலே வந்து மூச்சு வாங்கவில்லை. நேற்று ராத்திரி ஒரு பிளாட்டி பம்பரம் மாதிரி சுற்றியது, திடீரென்று கண்ணாடியில் போய் முட்டியது, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. இன்னொரு விஷயம், பால்கனியில் ஒரு டப்பில் கப்பி மீன் வைத்திருக்கிறேன், அதற்கும் அன்றைக்கு அதே லாரித் தண்ணீர்தான் ஊற்றினேன். அதில் ஒன்றுகூடச் சாகவில்லை.

பழைய தொட்டி:
அப்படியானால் நான் சொன்னது தப்பு. அம்மோனியா 0, நைட்ரேட் 20 என்றால் பாக்டீரியா உயிரோடுதான் வேலை செய்கிறது. பால்கனி கப்பி பிழைத்திருப்பதால் தண்ணீரையும் குற்றம் சொல்ல முடியாது.

மொட்டைமாடி மீன்காரி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நத்தை எப்படி இருக்கிறது? செம்பு கலந்த மருந்து ஏதாவது தொட்டியில் விழுந்திருந்தால் இறாலோடு நத்தையும் போயிருக்கும். இறால் முதலில் போய், நத்தை மட்டும் நிம்மதியாக ஊர்ந்துகொண்டு, மீன் சுற்றிச் சுற்றிச் செத்தால் எனக்குத் தோன்றுவது பூச்சி மருந்துதான். கொசு, கரப்பான் ஸ்ப்ரேயில் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்டு வகை. பூச்சிக்கு இறால் தூரத்துச் சொந்தம், அதனால் அதற்குத்தான் முதல் அடி. மீனுக்கும் லேசில்லை, அந்த வகையில் சைபர்மெத்ரின் எல்லாம் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போனாலே பல மீன்கள் தாங்காது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாராவது ஏதாவது அடித்தார்களா? ஏர் பம்ப் எங்கே இருக்கிறது?

மடிப்பாக்கம்வாசி:
அக்கா, படித்துவிட்டு அப்படியே எழுந்து போய்க் கேட்டேன். நத்தை எல்லாம் ஜோராக இருக்கிறது. ஏர் பம்ப் ஸ்டாண்டுக்கு அடியில், தரையில். ஞாயிறு ராத்திரி மாமனார் ஸ்டாண்டுக்கு அடியில் கரப்பான் ஓடியது என்று ஸ்ப்ரே அடித்திருக்கிறார், அதற்குப் பிறகும் தினமும் படுக்கப் போகும்போது "ரெண்டே ரெண்டு பீச்சு". "தொட்டிக்குள்ள அடிக்கலியே மாப்ள, மூடிதான் போட்டிருக்கே" என்கிறார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் சைபர்மெத்ரின் என்று இருக்கிறது, மீன் தொட்டியை மூடச் சொல்லிப் பொடி எழுத்தில் ஒரு வரியும் இருக்கிறது.

மொட்டைமாடி மீன்காரி:
மூடி போட்டு என்ன பிரயோஜனம், பம்ப் தரையில் இருக்கிற காற்றை உறிஞ்சி ஏர் ஸ்டோன் வழியாகத் தண்ணீருக்குள்ளேயே ஊதிவிடுகிறதே. முதலில் பம்பைத் தூக்கி வேறு இடத்தில், முடிந்தால் ஜன்னல் பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். பழைய டியூபையும் ஏர் ஸ்டோனையும் தூக்கிப் போடுங்கள், இருபது முப்பது ரூபாய் சமாச்சாரம். இன்றைக்குப் பாதித் தண்ணீர், நாளைக்குப் பாதி, நாளை மறுநாளும் பாதி. ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் பையில் கட்டிப் போடுங்கள், இந்த வகை மருந்து கார்பனில் நன்றாக ஒட்டும், ஒரு வாரத்தில் மாற்றிவிடுங்கள். மணலிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அதனால் இறால் ஆசையை ரெண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள்.

பழைய தொட்டி:
ஸ்பாஞ்சை மட்டும் இனிமேல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். இந்தத் தடவை தப்பித்தது அதிர்ஷ்டம்.

மடிப்பாக்கம்வாசி:
மூன்று வாரம் ஆகிறது. அடுத்த நாள் ஒரு ஜீப்ரா போனது, அதோடு நின்றது. 3 ஜீப்ரா, 2 பிளாட்டி மிச்சம். ஒரு பிளாட்டி குட்டி போட்டிருக்கிறது, செடிக்குள் ஆறேழு தெரிகின்றன. மாமனார் இப்போது கரப்பானைச் செருப்பால் அடிக்கிறார். பையன் எண்ணுவதை நிறுத்தவில்லை.

கப்பிராஜா:
அப்போ உப்பு வேண்டாமா ப்ரோ?