ரன்பிளாட் டயர் இருந்தால் ஸ்டெப்னி வேண்டாமா? அந்த 80 கிலோமீட்டர் கணக்கு

நெடுஞ்சாலைக்காரன்:
நேற்று கோவை_ஸ்பீடு போட்ட பதிலைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. முதல் கார் வாங்கப்போகும் ஒரு தம்பி, ஸ்டெப்னி இல்லாத காரை எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். அதற்கு இவர், "ரன்பிளாட் டயர் இருந்தால் ஸ்டெப்னியே வேண்டாம், பஞ்சர் ஆனாலும் 80 கிலோமீட்டர் கவலையில்லாமல் ஓட்டலாம், நானே ஓட்டியிருக்கிறேன்" என்று எழுதிவிட்டார். ரன்பிளாட் என்றால் காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும்படி செய்த டயர். தம்பி நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாளைக்கு அவர் உளுந்தூர்ப்பேட்டை தாண்டி வெயிலில் மாட்டிக்கொண்டால் இவரா வந்து நிற்பார்? நான் மாதத்துக்கு நான்கு தடவை சென்னை–திருச்சி போய்வருகிறவன். டிக்கியில் முழு அளவு ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை எடுத்ததே இல்லை.

கோவை_ஸ்பீடு:
என்னைப் பற்றித் தனி இழையே திறந்துவிட்டீர்களா, சந்தோஷம் அண்ணே. சொன்னதை மாற்றப்போவதில்லை. போன மே மாதம் சேலத்திலிருந்து வரும்போது பெருந்துறை கிட்டே டயர் விளக்கு எரிந்தது. பின்பக்கம் இடது டயர். இரவு 10 மணி, வண்டியில் மனைவி, இரண்டு பிள்ளைகள். நான் நிறுத்தவே இல்லை. வேகத்தை 80க்குக் கீழே வைத்து ஓட்டி வீட்டு வாசலில்தான் நிறுத்தினேன். விளக்கு எரிந்த இடத்திலிருந்து 76 கிலோமீட்டர். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கக்கூட இல்லை. அதே நேரத்தில் ஸ்டெப்னிக்காரர் யாராவது இருந்திருந்தால் பெட்டிகளை எல்லாம் ரோட்டோரம் இறக்கி, செல்போன் வெளிச்சத்தில் ஜாக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்திருப்பார். நானே ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

விழுப்புரம்_டயர்:
22 வருஷமாக டயர்க் கடை வைத்திருக்கிறேன், அந்த உரிமையில் ஒரே ஒரு கேள்வி. வீட்டு வாசலில் நிறுத்தியபோது அந்த டயரில் காற்றழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ. இருந்தது?

விளக்கு எரிந்தது என்றால் காற்று குறைந்தது என்றுதான் அர்த்தம். காலியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. 33 இருக்க வேண்டிய டயர் 24, 25க்கு இறங்கினாலே விளக்கு எரியலாம். ஆணி குத்தி உள்ளேயே உட்கார்ந்துவிட்டால் ட்யூப்லெஸ் டயரில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். என் கடைக்கு மூன்று நாள் ஆணியோடு ஓடிய சாதாரண டயர் வராத வாரம் கிடையாது. அதனால் நீங்கள் ஓட்டிய 76 கிலோமீட்டர் ரன்பிளாட்டின் பெருமையா, மெதுவாக இறங்கிய காற்றின் பெருமையா என்பது அந்த எண் தெரிந்தால்தான் தெரியும். கம்பெனி சொல்லும் 80 கிலோமீட்டர், 80 கிலோமீட்டர் வேகம் என்பது காற்று சுத்தமாகப் போன டயருக்கு.

கோவை_ஸ்பீடு:
டயர் முழுக் காலி. இல்லாவிட்டால் விளக்கு ஏன் எரிகிறது? சில கடைக்காரர்களுக்கு ரன்பிளாட் என்றாலே பிடிக்காது, காரணம் எல்லாருக்கும் தெரியும். நடுரோட்டில் வண்டி நின்றால்தானே கடைக்கு வருமானம்.

விழுப்புரம்_டயர்:
தம்பி, வருமானத்தைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஒரு பஞ்சருக்கு நான் வாங்கும் காசை வைத்து யாரும் மாடி கட்டவில்லை. ரன்பிளாட் கழற்றுவதற்கென்றே கூடுதல் கை வைத்த மெஷினைக் கடன் வாங்கிப் போட்டிருக்கிறேன். அந்த டயரின் சைடுவாலை, அதாவது பக்கச் சுவரை, ஒரு தடவை கையால் அமுக்கிப் பாருங்கள், அமுங்காது. உள்பக்கம் கெட்டி ரப்பர் பட்டையாக வைத்திருப்பார்கள். காற்று போனதும் வண்டியின் எடையை அந்தப் பட்டை தாங்கும், சாதாரண டயர் மாதிரி ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்காது. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் அது மடங்கி நிமிர்கிறது, மடங்க மடங்கச் சூடு ஏறுகிறது, அந்தச் சூட்டில்தான் ரப்பர் செத்துப்போகிறது. 80 என்று எல்லை வைத்ததே இதனால்தான். நான்கு பேர் ஏறி, டிக்கி நிறைய சாமானும் மே மாத ரோடும் சேர்ந்தால் அந்த 80 குறையும், காரோடு வரும் புத்தகத்திலேயே சுமையைப் பற்றி எழுதியிருக்கும்.

போன மாதம் ஒரு வண்டி வந்தது, ரன்பிளாட்தான். ஓட்டி வந்தவர் உங்களை மாதிரியே சந்தோஷமாக வந்து இறங்கினார். ரிம்மிலிருந்து டயரைக் கழற்றிச் சாய்த்தேன், உள்ளேயிருந்து இரண்டு கை நிறையக் கறுப்பு ரப்பர் தூள் கொட்டியது, டீத்தூள் மாதிரி. வெளியே இருந்து பார்த்தால் டயர் புதுசு. உள்ளே விரல் வைத்துத் தடவினால் சைடுவால் அரித்துப் போயிருந்தது. அதைப் பஞ்சர் போட்டுத் தரச் சொன்னார், நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுபடியும் கேட்கிறேன், எத்தனை பி.எஸ்.ஐ.?

கணக்கு_வாத்தியார்:
முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்துகொண்டு பேசலாமே. மெதுவாகக் காற்று இறங்குவது வேறு, உடனே காலியாவது வேறு, டயர் வெடிப்பது வேறு. மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

ஓஎம்ஆர்_மீனா:
நான் கோவை_ஸ்பீடு பக்கம். போன வருஷம் தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் இரவு ஒன்பதரைக்கு டயர் உட்கார்ந்துவிட்டது. வண்டியில் நானும் அம்மாவும் மட்டும். ஸ்டெப்னி இருந்தது, ஜாக்கி இருந்தது, எனக்கு மாற்றவும் தெரியும். ஆனால் நட்டு அசையவில்லை. கடையில் கடைசியாக ஏர் கன் வைத்து முறுக்கிவிட்டிருந்தார்கள், காரோடு கொடுக்கும் சின்ன ஸ்பானரின் மேல் ஏறி நின்று மிதித்தும் ஒரு நட்டுகூட அசையவில்லை. லாரி ஒவ்வொன்றும் பக்கத்தில் போகும்போது கார் ஆடும், அம்மா உள்ளே கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருந்தார். 50 நிமிஷம் கழித்து ரோந்து வண்டி வந்தது. அந்த 50 நிமிஷத்தை அனுபவித்தவளிடம் வந்து ஸ்டெப்னி பெருமை பேசாதீர்கள். 80 வேண்டாம், 15 கிலோமீட்டர் ஓடி வெளிச்சமுள்ள ஒரு பெட்ரோல் பங்க் வரை கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும் எனக்கு.

நெடுஞ்சாலைக்காரன்:
மேடம் பட்டது பெரிய கஷ்டம், மறுக்கவில்லை. ஆனால் அது ஸ்டெப்னியின் தப்பு இல்லை, கன்னால் முறுக்கியவனின் தப்பு. நான் ஒன்றரை அடி நீளத்தில் கிராஸ் ஸ்பானர் தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். எங்கே டயர் மாற்றினாலும் கடைசி முறுக்கு என் கையால்தான்.

ஓஎம்ஆர்_மீனா:
அதாவது நானும் ஒன்றரை அடி ஸ்பானரோடு நடுரோட்டில் இறங்கி நிற்க வேண்டும். நன்றி சார்.

ஸ்விஃப்ட்_செந்தில்:
இதில் என்ன சண்டை? என் கார் ஸ்டெப்னியிலேயே 80 என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஸ்டெப்னியும் 80 கிலோமீட்டர்தான் ஓடும், ரன்பிளாட்டும் 80தான். இரண்டும் ஒன்றுதான்.

விழுப்புரம்_டயர்:
ஐயா, அந்த ஸ்டிக்கர் சொல்வது வேகம், தூரம் இல்லை. சின்ன ஸ்டெப்னியைப் போட்டால் 80க்கு மேல் விரட்டாதே என்று சொல்கிறது. இப்படித்தான் 80, 80 என்று எல்லோரும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு, அது கிலோமீட்டரா மணிக்குக் கிலோமீட்டரா என்றே பார்க்காமல் பேசுகிறீர்கள்.

ஸ்விஃப்ட்_செந்தில்:
ஸ்டிக்கரில் 80 போட்டிருக்கிறதா இல்லையா? போட்டிருக்கிறது. அவ்வளவுதான் நான் சொன்னேன்.

பழைய_அம்பாசடர்:
ஸ்டெப்னி, ஸ்டெப்னி என்கிறீர்களே, பெயர் எங்கிருந்து வந்தது என்று யாருக்காவது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று. 1904 வாக்கில் அங்கே கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் ஒரு மாற்றுச் சக்கரம் கண்டுபிடித்தார்கள். கம்பிகள் இல்லாத வெறும் வளையம், அதன் மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், அதன் பக்கத்தில் இதைக் கவ்வி மாட்டிக்கொண்டு கிளம்பலாம். அப்போதெல்லாம் கார்கள் மாற்றுச் சக்கரத்தோடு வராது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நிற்காமல் போக வழி செய்தவர்கள் அவர்கள்.

கோவை_ஸ்பீடு:
பார்த்தீர்களா, ஸ்டெப்னி என்பதே பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமல் போவதற்கு வந்த ஏற்பாடுதான். அதே வேலையைத்தான் இன்றைக்கு ரன்பிளாட் செய்கிறது. பி.எம்.டபிள்யூ. கார்களில் 20 வருஷத்துக்கு மேல் இது வந்துகொண்டிருக்கிறது, அவர்கள் முட்டாள்களா?

பழைய_அம்பாசடர்:
என் வரலாற்றை உங்கள் கட்சிக்கு இழுக்க வேண்டாம் தம்பி. மிச்சலின் 'பாக்ஸ்' என்று ஒன்று கொண்டுவந்தது, டயருக்குள்ளே ரிம்மைச் சுற்றி ஒரு வளையம், காற்று போனால் வண்டி அதன் மேல் உட்கார்ந்து ஓடும். 2005 வாக்கில் அமெரிக்காவில் ஹோண்டா ஒடிசியில்கூட வந்தது. ஓடியது நன்றாகத்தான் ஓடியது, மாட்டிக் கழற்றத் தனி மெஷின் தேவைப்பட்டது, எல்லா ஊரிலும் அது இல்லை, வழக்கு வரை போய் கடைசியில் கைவிட்டார்கள். டயர் நல்லதா என்பதோடு, பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும்.

விழுப்புரம்_டயர்:
இதைத்தான் நானும் சொல்லவந்தேன். கோயம்புத்தூரில் உங்கள் அளவு ரன்பிளாட் கிடைக்கும். பெரம்பலூரில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கிடைக்குமா? 80 கிலோமீட்டர் ஓடி எங்கே போய்ச் சேர்வீர்கள்? விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கே 160 கிலோமீட்டருக்கு மேல். ஓடிய பிறகு டயரை மாற்றத்தான் வேண்டும், மாற்று டயர் எங்கள் பக்கத்துக் கடைகளில் இருக்காது, சொல்லி வைத்து இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை கார் என் கடை வாசலில் செங்கல் மேல் நிற்கும், நின்றிருக்கிறது. பள்ளத்தில் விழுந்தால் சைடுவால் கெட்டியாக இருப்பதால் அடி நேராக ரிம்முக்குப் போகிறது, வளைந்த ரிம் எத்தனை பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை.

இத்தனையும் எழுதிவிட்டேன். கோவைக்காரர் இன்னும் பி.எஸ்.ஐ. சொல்லவில்லை.

ஈவி_ரசிகன்:
நீங்கள் எல்லாம் ரப்பரிலேயே நிற்கிறீர்கள். சீனாவில் யாங்வாங் யு8 என்று ஒரு கார் வந்துவிட்டது, 2023 மாடல். சக்கரத்துக்கு ஒரு மோட்டார், மொத்தம் நான்கு. ஓடும்போது ஒரு டயர் வெடித்தால் மற்ற மூன்று மோட்டாரின் இழுவையைத் தனித்தனியாக மாற்றி வண்டியை நேராக நிறுத்துகிறது. ரன்பிளாட்டும் பழசு, ஸ்டெப்னியும் பழசு.

நெடுஞ்சாலைக்காரன்:
அது இங்கே விற்பனைக்கு வரட்டும், அப்புறம் பேசலாம். இங்கே வந்த மாற்றம் வேறு. 2020ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் கார்கள் ஸ்டெப்னி இல்லாமலே வரலாம். உடனே கம்பெனிகள் ஒரு பாட்டில் சீலண்டும் ஒரு குட்டி கம்ப்ரசரும் வைத்து அனுப்ப ஆரம்பித்துவிட்டன. டயரின் நடுப்பகுதியில் ஆணி ஓட்டை என்றால் அந்தப் பாட்டில் அடைக்கும். சைடுவால் கிழிந்தால் பாட்டிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தத் தம்பி கேட்டதும் இந்த மாதிரிக் காரைத்தான். அதில் ரன்பிளாட்டும் கிடையாது! கேட்ட கேள்வி ஒன்று, கோவைக்காரர் சொன்ன பதில் வேறு.

கோவை_ஸ்பீடு:
ரன்பிளாட் "இருந்தால்" என்றுதானே எழுதினேன், படிக்கத் தெரியாதா? போன தீபாவளிக்கு நைட்ரஜன் விவாதத்திலும் இதே கூட்டம்தான் என்னைச் சுற்றி வளைத்தது.

விழுப்புரம்_டயர்:
அந்த விவாதத்திலும் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதற்குத் தனியாகக் காசு கொடுத்து என்ன கண்டீர்கள் என்று கேட்டேன். இன்றைக்கு வரை மௌனம்.

கோவை_ஸ்பீடு:
நைட்ரஜன் அடித்த டயரில் அழுத்தம் சீராக இருக்கும். விமானத்துக்கே அதைத்தான் அடிக்கிறார்கள்.

விழுப்புரம்_டயர்:
உங்கள் கார் பெருந்துறையில் தரை இறங்கவில்லை தம்பி. நைட்ரஜனை விடுங்கள், பி.எஸ்.ஐ. எத்தனை?

ஓஎம்ஆர்_மீனா:
அண்ணே, ஒரு மனுஷன் குடும்பத்தோடு பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருக்கிறார். அந்த இரவில் இறங்கி காற்று அளந்து பார்க்கவில்லை என்பது ஒரு குற்றமா? எத்தனை தடவைதான் கேட்பீர்கள்?

விழுப்புரம்_டயர்:
குற்றம் இல்லை தங்கச்சி. அளக்காதது குற்றமே இல்லை. அளக்காமலே "முழுக் காலி, 80 ஓடலாம்" என்று அடுத்தவருக்கு எழுதிக் கொடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதை நம்பி ஒருவர் 100 வேகத்தில் போனால் அந்த சைடுவால் எந்த இடத்தில் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் கேட்ட 15 கிலோமீட்டருக்கு நான் எதிரி இல்லை. நல்ல ரன்பிளாட், 50 வேகம், பக்கத்துப் பங்க், தாராளமாகப் போங்கள். ஆனால் 76 ஓடினேன் என்று மார் தட்டாதீர்கள்.

கோவை_ஸ்பீடு:
மார் தட்டவில்லை, நடந்ததைச் சொன்னேன். 76 ஓடியது, ஓடோமீட்டர் பொய் சொல்லாது. மறுநாள் காலையில் கடையில் டயரை மாற்றினார்கள், பழசை அங்கேயே விட்டுவிட்டேன், பி.எஸ்.ஐ. யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பூஜ்யமாகத்தான் இருந்திருக்கும்.

விழுப்புரம்_டயர்:
யாரும் பார்க்கவில்லை. சரி. அப்படியானால் கழற்றியபோது உள்ளே தூள் கொட்டியதா என்று அந்தக் கடைக்காரரைக் கேட்டுச் சொல்லுங்கள். கொட்டியிருந்தால் காலியாக ஓடியிருக்கிறது. கொட்டவில்லை என்றால் காற்று இருந்திருக்கிறது. ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

கோவை_ஸ்பீடு:
மே மாதம் மாற்றிய டயரை இப்போது யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? 76 கிலோமீட்டர் அண்ணே, 76.

ஸ்விஃப்ட்_செந்தில்:
என் ஸ்டெப்னி ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன், பாருங்கள். 80 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

பழைய_அம்பாசடர்:
பக்கத்திலேயே கி.மீ./மணி என்றும் இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.

விழுப்புரம்_டயர்:
கடைக்காரர் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள் தம்பி, நானே பேசிக்கொள்கிறேன். டயர் கழற்றுகிறவனுக்கு அந்தத் தூள் மறக்காது.