ஸ்பெக்ட்ரம் 48கே: எலீட் லோட் ஆகுது, மேனிக் மைனர் ஆகல. உதவி தேவை

ரப்பர்கீ:
வணக்கம். ரப்பர் கீபோர்டு ஸ்பெக்ட்ரம் (கேசட்டிலிருந்து கேம் ஏற்றும் 1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டர்), மோனோ டேப் ரெக்கார்டர், மூன்று கேம்கள், மூன்றும் ஒரிஜினல் கேசட். எலீட் லோட் ஆகிறது. மேனிக் மைனரும் லார்ட்ஸ் ஆஃப் மிட்நைட்டும் பெயரைக் காட்டிவிட்டு "R Tape loading error" என்று நிற்கின்றன. திரை ஓரத்தில் சிவப்பு, சயான் பட்டைகள் சீராகத்தான் ஓடுகின்றன. ரெக்கார்டரின் ஹெட்டை (டேப்பைப் படிக்கும் தலை) துடைத்தாயிற்று, வால்யூம் முக்கால்.

காந்தத்தலை:
எர்ரர் எப்போது வருகிறது? நீலம், மஞ்சள் பட்டை ஓடும்போது பாதியிலா, பிளாக் (டேட்டாத் தொகுதி) முழுக்க முடிந்த பிறகா?

ரப்பர்கீ:
முடிந்த பிறகுதான் அண்ணா. மூன்று நிமிஷம் ஓடவிட்டு, கடைசியில்.

காந்தத்தலை:
அப்படியானால் ஹெட்டின் அசிமத் (டேப்போடு ஹெட் நிற்கும் கோணம்) விலகியிருக்கிறது. சிக்னல் நடுவில் அறுந்தால் ரோம் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நிலையான நிரல்) அங்கேயே எர்ரர் தரும். பிட் மாறிப் படித்தால் கடைசி பேரிட்டி பைட் (சரிபார்க்கும் எண்) வரும்வரை அதற்குத் தெரியாது. மேனிக் மைனரின் முக்கிய பிளாக் 32,768 பைட். அதில் ஒரே ஒரு பிட் தவறினாலும் போச்சு. பெயரைத் தாங்கி முதலில் வரும் ஹெடர் 17 பைட்தான், அதனால் பெயர் மட்டும் தப்பித்து வந்துவிடும்.

சிவப்பு, சயான் பட்டையை நம்பாதீர்கள். அது பைலட் டோன் (டேட்டாவுக்கு முன் வரும் சீரான ஒலி), சுமார் 807 ஹெர்ட்ஸ். டேட்டாவில் 1 என்பது சுமார் 1,023, 0 என்பது சுமார் 2,047 ஹெர்ட்ஸ். ஹெட் சாய்ந்தால் முதலில் மங்குவது உச்ச அலைவரிசை, அதாவது 0. டேப்புக்கு டேப் பதிவான கோணம் மாறும். எலீட் தப்பித்தது அதனால்தான்.

இயர் பிளக்கை (ரெக்கார்டரின் ஒலி கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயர்) கழற்றி, ஸ்பீக்கரில் டேட்டா பகுதியை ஓடவிடுங்கள். ஹெட்டின் இரு பக்கமும் திருகு இருக்கும். ஸ்பிரிங் உள்ளதை மட்டும் தொடுங்கள். இப்போதைய நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, காந்தமில்லாத சின்ன ஸ்க்ரூடிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் பெரும்பாலும் வேண்டாம். இரைச்சல் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ, அங்கே நிறுத்துங்கள். பிறகு இயர் ஒயரை மட்டும் செருகுங்கள், மைக் ஒயர் வேண்டாம். டிரெபிள் (உச்ச ஒலியைக் கூட்டும்) குமிழ் இருந்தால் முழுசாக வையுங்கள்.

ஒலிநாடா:
ஸ்டீரியோ டெக்கில் செய்பவர்கள் ஒரு சேனலை மட்டும் எடுங்கள். சாய்ந்த ஹெட்டில் இரண்டையும் கலந்தால் உச்ச ஒலி இன்னும் மங்கும். டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி) கண்டிப்பாக ஆஃப். லோட் ஆனதும் கம்ப்யூட்டரில் 44,100 ஹெர்ட்ஸ் மோனோ வேவ் ஃபைலாகப் பதிந்து வையுங்கள், எம்பி3 வேண்டாம். இனி அதிலிருந்தே லோட் செய்யலாம், நல்ல டேப்பை மறுபடி மறுபடி ஓட்டித் தேய்ப்பது வீண்.

ரப்பர்கீ:
இரண்டும் லோட் ஆகிவிட்டன! மிக்க நன்றி. இப்போது எலீட் பக்கம் ஒரு சிக்கல். லென்ஸ்லாக் (திரையில் சிதைத்துக் காட்டும் குறியீட்டைப் படிக்க கேமோடு வந்த பிளாஸ்டிக் லென்ஸ்) வழியாகப் பார்த்தால் எழுத்து சிதறியே இருக்கிறது. டிவி 32 இஞ்ச்.

ஒலிநாடா:
திரைதான் காரணம். முதலில் வரும் "OK"-வின் அகலத்தை லென்ஸின் அகலத்துக்குச் சரிக்கட்ட வேண்டும். பெரிய திரையில் அவ்வளவு சுருங்காது. 14 இஞ்ச் டிவியில் முயன்று பாருங்கள். முதலில் "OK" தெளிவாகத் தெரியட்டும், அதற்குப் பிறகே குறியீட்டுக்குப் போங்கள். எமுலேட்டரில் (இன்றைய கம்ப்யூட்டரில் ஸ்பெக்ட்ரம் போல இயங்கும் நிரல்) ஆடுபவர்களுக்கு லென்ஸ்கீ என்ற நிரல் இருக்கிறது, விண்டோஸ் திரையில் வரும் குறியீட்டை அதுவே படித்துச் சொல்லும்.