பழைய நீட் வினாத்தாள் தமிழில் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். என் தங்கை வரும் 2025 மே 4 அன்று இரண்டாவது முறையாக நீட் எழுதுகிறாள், தமிழ் வழியில். போன வருடம் 200 கேள்வியில் 180க்குப் பதில் எழுதினால் போதும், 200 நிமிடம். இந்த 2025இல், சில கேள்விகளை விட்டுவிடலாம் என்றிருந்த பி பிரிவையே எடுத்துவிட்டார்கள். 180 கேள்வியும் கட்டாயம், 180 நிமிடம்தான். கேள்விக்கு ஒரு நிமிடம்; ஒரு லென்ஸ் கணக்குக்கே அவளுக்கு மூன்று நிமிடம் போகிறது.

பயிற்சி மையத்தில் கொடுத்த மாதிரித் தாள் எல்லாம் பழைய முறை. ஞாயிறு அன்று கடிகாரம் வைத்து உட்கார்ந்தவள், இயற்பியலில் கடைசி 5 கேள்வியை விட்டுவிட்டு "முடிச்சிட்டேன் அண்ணா" என்கிறாள். பழக்கதோஷம்!

2020 வரை இதே 180 கேள்வி முறைதான் இருந்தது. அந்த வருடத் தமிழ்த் தாள்கள் யாரிடமாவது பிடிஎஃப் ஆக இருந்தால் அனுப்புங்கள், ப்ளீஸ்.

அப்புறம், மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான், ஆனால் மூன்று பள்ளி மாறினாள். மூன்று தலைமையாசிரியரிடமும் தனித்தனியாகச் சான்று வாங்க வேண்டுமா? கலந்தாய்வுக்குப் போய்வந்தவர்கள் சொல்லுங்கள். பள்ளி லீவு விடுவதற்குள் அலைந்து வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன்.