கார்செட் இறுக்கினால் துணி இழுபடுகிறது

கேள்வி (மயிலாப்பூர்): கல்லூரி நாடகத்துக்கு விக்டோரியா காலத்துக் கார்செட் (முதுகில் கயிறு கோத்து இடுப்பை இறுக்கும் உள்ளாடை) தைக்கிறேன். பாப்ளின் துணி. கயிற்றை இறுக்கினால் இடுப்பில் துணி இழுபடுகிறது. நடிக்கிற பெண்ணுக்கு இடுப்பு 28 அங்குலம்.

பதில்: பாப்ளின் தாங்காதும்மா. கெட்டியான பருத்தி டிரில் துணி வாங்குங்கள். இடுப்புக்கோட்டில் உட்புறம் நீளாத நாடா ஒன்றைச் சுற்றித் தையுங்கள். இழுப்பைத் தாங்குவது அதுதான். முதுகில் கயிறு கோக்கும் கண்களுக்கு இருபுறமும் தட்டை எஃகுப் பட்டை கட்டாயம். என் முதல் கார்செட்டில் ஒருபுறம் மட்டும் வைத்தேன், முதுகு சுருண்டுபோய் அழுகையே வந்துவிட்டது. கார்செட்டின் இடுப்பை 24 அங்குலமாக வெட்டி, முதுகில் 2 அங்குலம் திறந்திருக்கட்டும். நடிக்கிற பெண் மூச்சு விட வேண்டும்!

இன்னொருவர்: உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை போடச் சொல்லுங்கள். அந்தக் காலத்திலும் அப்படித்தான். நம்ம ஊர் வியர்வைக்கு ரொம்ப அவசியம்.

கேள்வி கேட்டவர்: சரிங்க, முதலில் காடாத் துணியில் மாதிரி தைத்து அளவு பார்க்கிறேன்.